நிற்கத் தெரிந்த நாய்க்கு இருக்கத் தெரியவில்லை

திருச்சிராப்பள்ளி நகரிலும், காவிரிப் பாலத்தைக் கடந்தால் எதிர்ப்படும் ஸ்ரீரங்கம் தீவிலும், காவலுக்காக மட்டும் நாய் வளர்த்த காலம் மாறி நெடுநாளாயிற்று. திண்ணையடியில் சுருண்டு படுத்து, தெருவோடு போவோரைப் பார்த்து ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு மீண்டும் கண்ணயரும் நாயின் இடத்தில், இன்று பட்டுப்போன்ற மயிருடைய உயர்குல நாய்கள் கூடத்துச் சோபாவில் சயனித்திருக்கின்றன. அவற்றுள் சில கண்காட்சிகளுக்குச் சென்று கோப்பையும் ரிப்பனும் பெற்று வந்தவை. அத்தகைய நாய்க்குக் கீழ்ப்படிதலைக் கற்பிக்கத் தொடங்குவது எவ்வாறு என்பதே நாம் இங்கு ஆராயப்புகும் பொருள். அற்ப விஷயம் என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். நாயின் ஓலத்தினால் அண்டை வீட்டாரோடு பேச்சு நின்றுபோவதும், செல்லமாய் வளர்ந்த பிராணி ஒருநாள் திடீரென்று யாரோ ஒருவருடைய தோப்புக்குக் காவலாக அனுப்பப்படுவதும் இதனால்தான்.

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்வோம். பிள்ளைகள் வெளியூரில். பெரியவர்கள் இருவரும் ஒரு நாயும் வீட்டில். நாய்க்கு மூன்று வயது. வீட்டம்மாள் அடுக்களைக்குப் போனால் அதுவும் போகும். கொல்லைப்புறம் போனால் கதவைப் பிறாண்டும். அவர் குளிக்கப் போனால் வாசலில் படுத்து முனகும். ஞாயிறு காலை இருவரும் பூசைக்குப் புறப்பட்டுத் தெருமுனை திரும்புவதற்குள் ஊளை தொடங்கிவிடும். திரும்பி வந்து பார்த்தால் வாசற்கதவில் நகக்கீறல். தலையணை பஞ்சாய்ப் பறந்திருக்கும். கூடத்தின் நடுவே சிறுநீர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளாயின், அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஆனால், இதே நாயைக் கண்காட்சிக்குக் கொண்டு போனால், நடுவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கும்போதும் சிலைபோல அசையாமல் நிற்கும்! “கோப்பை வாங்கிய நாய் வீட்டில் ஏன் இப்படி?” என்று பார்ப்போர் வியப்பர்.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. கண்காட்சியும் கீழ்ப்படிதலும் வெவ்வேறு வித்தைகள். ஊட்டியில் மே மாதக் கோடைவிழாக் காலத்தில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் கண்காட்சியைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அங்கே நடுவர் பார்ப்பது உடலமைப்பு. இன்ன இனத்துக்கு இன்ன உயரம், இன்ன முகம், இன்ன வால், இன்ன நடை என்று வகுத்த இலக்கணத்துக்கு நாய் எவ்வளவு பொருந்துகிறது என்பதே கேள்வி. நாய் செய்ய வேண்டியவை நாலே காரியங்கள்: நான்கு காலையும் சீராக ஊன்றி நிற்பது, வாரோடு ஒழுங்காய் ஓடிக் காட்டுவது, அந்நியர் கை பட்டாலும் சீறாமல் இருப்பது, அழைத்து வந்தவரை நிமிர்ந்து நோக்குவது. அத்தனையும் அவருக்கு ஒரு முழத் தொலைவில் நிகழ்வன. அவர் விலகிப் போனபின் என்ன செய்வதென்று அந்த அரங்கு அதற்குக் கற்பிப்பதில்லை. போதாக்குறைக்கு, உட்காரவே பழக்கமாட்டார்கள் சில கண்காட்சிப் பிரியர்கள். நடுவர் முன்னே பொத்தென்று உட்கார்ந்துவிட்டால் பரிசு போய்விடுமே என்ற பயம். ஆகவே நம் நாய்க்கு நிற்கத் தெரியும். இருக்கத் தெரியாது. தமிழில் இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேற்றுமையை நாய் நமக்குக் கற்பிக்கிறது.

இக்குறை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்னும் அம்மையார் பூடில் என்ற சுருள்மயிர் நாய்களை வளர்த்து வந்தார். பூடில் உண்மையில் நீரிற் குதித்து வேட்டைப் பறவையைக் கவ்வி வரும் உழைப்பாளி நாய். மார்பிலும் மூட்டுகளிலும் மயிரை விட்டு மற்ற இடங்களில் மழிக்கும் அந்த விநோதச் சிகையலங்காரமும், நீந்துகையில் குளிர் தாக்காதிருக்க ஏற்பட்டதே என்பர். ஆயினும் நாளடைவில் அது சீமாட்டிகளின் மடிப்பொம்மையாகிவிட்டது. “உங்கள் நாய்க்கு ஒப்பனையைத் தவிர வேறென்ன தெரியும்?” என்ற பரிகாசம் வாக்கர் அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. இங்கிலாந்தில் நடந்துவந்த பயிற்சிப் போட்டிகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1933ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில் கீழ்ப்படிதல் தேர்வு ஒன்றை அவர் நடத்தினார். வந்த நாய்கள் எட்டே எட்டு. 1936இல் அமெரிக்கன் கென்னல் கிளப் அத்தேர்வை முறைப்படி ஏற்றுக்கொண்டது. 1937இல் வாக்கரும் அவருடைய துணைவியாக விளங்கிய பிளான்ச் சாண்டர்ஸும் தம் பூடில்களை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு சுமார் 10,000 மைல் சுற்றி, ஊர் ஊராகப் பயிற்சியைச் செய்து காட்டினர். இன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் ஆதரவில் நடைபெறும் கீழ்ப்படிதல் தேர்வுகளும் இந்த மரபில் வந்தவையே. ஒப்பனை நாய் உழைப்பு நாயாக இயலும் என்பதில் நமக்கு ஐயம் வேண்டியதில்லை.

இனி, “செல்லம்” என்ற குற்றச்சாட்டைப் பார்ப்போம். உறவினர்கள் வந்ததும் கூறும் முதல் வார்த்தை, “நீங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், சோபாவை விட்டு இறக்குங்கள், நாலு அடி போடுங்கள், சரியாகிவிடும்” என்பதே. இதில் பாதி பிழை. மற்றப் பாதி கொடுமை. கட்டிலில் படுக்க விடுவதும் தின்பண்டத்தைப் பகிர்வதும் நாயின் நடத்தையைக் கெடுக்கின்றனவா என்று 700க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்போரிடம் விசாரித்த அமெரிக்க ஆய்வொன்று 1992இல் வெளிவந்தது. அத்தகைய தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. ஆகையால் சோபாவைப் பற்றி வீட்டில் சண்டை வேண்டாம். சோபாவில் இருக்கட்டும். தனியாகச் சோபாவில் இருக்கக் கற்றதா என்பதே கேள்வி. தனிமையில் ஊளையிடும் நாய் நம்மைப் பழிவாங்கவில்லை. நாம் திரும்பி வருவோமா என்பதறியாமல் நடுங்குகிறது. கதவைப் பிறாண்டுவதும் சிறுநீர் கழிப்பதும் பெரும்பாலும் நாம் புறப்பட்ட முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகின்றன என்பது அவ்வச்சத்துக்குச் சாட்சி. ஒரு மணி கழித்து வந்து அதன் மூக்கைச் சிறுநீரில் தேய்த்துத் திட்டினால், நாய் அறிந்துகொள்வது ஒன்றே: எசமானர் போவதும் பயம், வருவதும் பயம்.

அடித்துப் பழக்கும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1910இல் ஜெர்மானியரான கான்ராட் மோஸ்ட் எழுதிய பயிற்சி நூலில் கழுத்தை இறுக்கும் பட்டைக்கும் தண்டனைக்கும் முக்கிய இடம் இருந்தது. போர்க்கால நாய்களோடு அம்முறை உலகெங்கும் பரவியது. 1951இல் ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், சரியான செய்கைக்கு அக்கணமே கிடைக்கும் சிறு வெகுமதியால் விலங்குகளுக்கு எதையும் கற்பிக்கலாம் என்பதைப் பொதுமக்களும் விளங்கிக்கொள்ளுமாறு எழுதினார். பயந்த நாய்க்கு இந்த இரண்டாம் வழியே உகந்தது என்பது நம் உறுதியான கருத்து.

தொடங்குவது எங்கே? பலரும் “உட்கார்” என்பதில் தொடங்குவர். கண்காட்சி நாயிடம் அவ்வாறு தொடங்க வேண்டியதில்லை என்போம். அதற்கு ஏற்கெனவே ஒரு பாடம் தெரியுமே! “நில்” என்றால் நிற்கும். அதையே முதற்படியாகக் கொள்ளலாம். நாயை வழக்கம்போல நிறுத்துங்கள். உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே காட்டி “இரு” என்று ஒரே முறை, மெல்லிய குரலில் கூறுங்கள். மனத்துக்குள் ஒன்று எண்ணி, அது நின்ற இடத்திலேயே தின்பண்டத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நாயை நம்மிடம் அழைத்துக் கொடுத்தால், நம்மை நோக்கி ஓடி வருவதற்கே கூலி கொடுத்தவராவோம். ஒட்டிக்கொள்ளும் நாய்க்கு அது முன்பே நன்றாகத் தெரிந்த வித்தை. நின்ற இடத்துக்கே பண்டம் தேடி வந்தால், அந்த இடமே நல்ல இடமென்று அதன் மனத்தில் பதியும்.

ஒன்று எண்ணியது மூன்றாகட்டும், பிறகு ஐந்து, பத்து. அதன்பின் ஓர் அடி பின்வாங்கி உடனே திரும்பி வந்து கொடுங்கள். ஓர் அடி இரண்டாகும்; நாலைந்து நாளில் முதுகைக் காட்டித் திரும்பலாம். நேரத்தைக் கூட்டும் நாளில் தூரத்தைக் கூட்டாதீர்கள். தூரத்தைக் கூட்டும் நாளில் நேரத்தைக் குறையுங்கள். ஒரு பாடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று போதும். இரண்டு முறை தொடர்ந்து நாய் இடத்தை விட்டு நகர்ந்தால், அது அடங்காமை அன்று, நாம் படிகளைத் தாண்டிவிட்டோம் என்பதன் அறிகுறி. பாதியாய்க் குறைத்து மீண்டும் தொடங்குக.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளில் வாழ்வோர்க்கு இதில் ஒரு வசதி உண்டு. வாசல், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று இரயில் பெட்டிபோல நீண்டு செல்லும் அவ்வீடுகள் இப்பயிற்சிக்கென்றே கட்டியவை போன்றவை. கூடத்தில் ஒரு பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு, அதுவே நாயின் இடம் என்று பழக்குங்கள். முதலில் நாம் கூடத்திலேயே நடமாடலாம். பின்பு ரேழிவரை சென்று திரும்பலாம். பின்பு ரேழிக் கதவை ஒருக்களித்து ஒரு கணம் மறைந்து வரலாம். ஒரு கணம்தான்! அந்த ஒரு கணத்தைத் தாங்கிய நாய் ஒரு மணி நேரத்தையும் தாங்கப் பழகும். ஆனால் நடுவேயுள்ள படிகள் ஏராளம், மாதக் கணக்கில் ஆகலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர் இரண்டு அறைகளைக் கொண்டே இதை நடத்திக்கொள்ள வேண்டியதுதான்.

புறப்பாட்டின் அடையாளங்களை நாய் நம்மைவிட நன்கு அறியும். சாவிக்கொத்தின் ஓசை, செருப்பு, கைப்பை, ஞாயிறன்று மட்டும் பெட்டியிலிருந்து வெளிவரும் பட்டுப்புடவை, ஒவ்வொன்றும் அதற்கு அபாயச் சங்கு. ஆகவே புதன்கிழமை மாலை காரணமேயின்றிச் செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படியுங்கள். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு மீண்டும் ஆணியில் மாட்டுங்கள். அண்டை வீட்டார் விநோதமாய்ப் பார்க்கட்டும். பத்து நாளில் சாவி வெறும் சாவியாகிவிடும். அதன்பின்பே உண்மையாய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நின்று வர வேண்டும். நாய் பதறத் தொடங்குமுன் திரும்பிவிடுவதே விதி.

“அப்படியானால் இம்மாதங்களில் பூசைக்கே போகக் கூடாதா?” என்று வாசகர் கேட்பது நியாயம். பயிற்சிக் காலத்தில் நாயைத் தாங்கமுடியாத தனிமையில் விட்டால் கற்றது கரைந்துபோகும் என்பது மெய். ஆகையால் சில வாரங்கள் ஒருவர் முதற் பூசைக்கும் மற்றவர் அடுத்த பூசைக்குமாகச் செல்லலாம். நாய்க்குப் பழக்கமான அண்டை வீட்டுப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு அமர்த்தலாம். இன்னொரு நாயை வாங்கி விடுவதால் பயனுண்டாகும் என்று உறுதி கூறுவதற்கில்லை. நாய் ஏங்குவது மனிதருக்காக. இரண்டும் சேர்ந்து ஊளையிட்டால் என் செய்வது?

பயிற்சியாளர் ஒருவரிடம் இரண்டு மாதம் ஒப்படைத்துவிட்டால் எல்லாம் கற்றுத் திரும்பும் என்று எண்ணுவோர் உண்டு. காவல்துறை நாயையும் இரயில்வே பாதுகாப்புப் படையின் போத்தனூர்ப் பயிற்சி மையத்தையும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். அங்கெல்லாம் நாயோடு அதன் காவலரும் கூடவே பயில்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். பிரிவுக்கு அஞ்சும் நாயை, பிரிவின் மூலமே குணப்படுத்த அந்நியரிடம் அனுப்புவது நமக்கு உவப்பாயில்லை. ஆசிரியர் வீட்டுக்கு வந்து நமக்குக் கற்பிக்கட்டும், நாம் நாய்க்குக் கற்பிப்போம். எவ்வளவு முயன்றும் நாய் உணவை மறுத்து, தன் காலையே கடித்துப் புண்ணாக்கிக்கொண்டால், அது பயிற்சியின் எல்லையைக் கடந்த நோய். கால்நடை மருத்துவரை நாட வேண்டும். இதற்கென மருந்துகள் உள்ளன. 2012 முதல் ஒரத்தநாட்டில் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டாத தொலைவன்று.

குடும்பத்தார் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது, நாய்க்குக் கற்பிப்பதைவிடக் கடினமான காரியம். தாத்தா “சிட்” என்பார், பாட்டி “உக்காருடா கண்ணு” என்பார், விடுமுறைக்கு வந்த பேரன் “டவுன், டவுன்” என்று கத்துவான். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் விருப்பம்போல் நடக்கும். தமிழோ ஆங்கிலமோ, சொல் ஒன்றாயிருக்கட்டும். ஐந்து சொற்களைத் தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டுவது நன்று. “வா” என்றழைத்துக் குளிப்பாட்டவோ நகம் வெட்டவோ கூடாது. அக்காரியங்களுக்கு நாமே நாயிடம் செல்வோம். மாலை நேரப் போக்குவரத்தில், கையிலிருந்து வார் நழுவிய நாயை உயிரோடு மீட்கும் ஒரே சொல் அந்த “வா” என்பதால் அதைக் கறைபடாமல் காக்க வேண்டும். உட்காரக் கற்பித்தால் கண்காட்சி கெடும் என்ற அச்சத்துக்கும் எளிய மாற்றுண்டு. அரங்குக்கு மெல்லிய கயிறு ஒன்று, தெருவுக்கு அகலமான பட்டை ஒன்று என்று வைத்துக்கொண்டால், எந்தக் கழுத்தணிக்கு எந்த நடத்தை என்பதை நாய் விரைவில் பிரித்தறியும்.

நம் நாட்டு இனமான ராஜபாளையத்தை வளர்ப்போர்க்குத் தனியே ஒரு வார்த்தை. 2005இல் அஞ்சல் துறை இந்திய நாயினங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டபோது அவற்றுள் இடம்பெற்ற பெருமை அதற்குண்டு. தூய வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் கண்காட்சியில் விரும்பப்படுபவை. அந்த வெண்மையோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளில் சேர்ந்து வருகிறது. ஒரே மனிதரிடம் ஒட்டிக்கொள்வதும், அந்நியரை நெருங்கவிடாமையும் அவ்வினத்தின் இயல்பு. அழைத்தால் திரும்பாத வெள்ளை நாயை “திமிர் பிடித்தது” என்று அடிக்குமுன், அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். காது கேளாததாயின் “இரு” என்பதற்கு உள்ளங்கையும், “வா” என்பதற்குக் கைவீச்சும் முழுமையான மொழியாகும். கண் முன்னிருந்து நாம் மறைந்தால் அதற்கு உலகமே மறைந்ததுபோல் ஆகுமாதலால், ரேழிக் கதவுப் பாடத்தை இன்னும் மெதுவாக நடத்த வேண்டும்.

வெகுமதிப் பண்டம் புளியங்கொட்டை அளவு போதும். வேகவைத்த கோழி, முட்டை எல்லாம் உகந்தவை. மரக்கறி உண்ணும் வீடுகளில் பன்னீர்த் துண்டோ வெந்த கேரட்டோ கொடுக்கலாம். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைப் பாழாக்கக்கூடியவை என்பதைப் பலர் அறியார். பாயசத்தில் கிடப்பதை எடுத்து ஊட்டும் பாட்டிமார் கவனிக்க. சாக்லேட்டும் வெங்காயமும் கூடா.

வீட்டுக்குள் கற்றதைத் தெருவுக்குக் கொண்டு செல்லும்போது மறுபடியும் முதல் வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டும். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் பூக்கூடைகள், சைக்கிள்கள், தெரு நாய்கள், திடீரென்று எதிரே மணியோசையோடு வரும் கோயில் யானை என்று கவனத்தைச் சிதறடிப்பவை கணக்கற்றவை. அம்மா மண்டபச் சாலைக்கோ மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்கோ முதல் மாதத்திலேயே கொண்டு செல்வது விவேகமன்று. கொள்ளிடக் கரைப் பக்கம் ஆளரவம் குறைந்த இடத்தில், நீண்ட கயிறு கட்டிப் பழக்கலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலை மட்டும் மறக்கலாகாது. தார்ச் சாலையில் புறங்கையை வைத்து ஐந்து எண்ணும்வரை தாங்க முடியாவிடில் நாயின் பாதமும் தாங்காது. அடர்ந்த மயிருள்ள இனங்களுக்குச் சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கே மூச்சிரைக்கும்.

ஆகவே பயிற்சி தொடங்க நினைப்போர் தீபாவளி வெடிச் சத்தம் ஓய்ந்து, கார்த்திகையின் குளிர்ந்த காலைகள் வரும்வரை பொறுத்திருந்து தொடங்கலாம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஸ்ரீரங்கத்து வீதிகளை நிரப்பும் நாட்களில் வாசற்படியைத் தாண்டாமல் கூடத்துப் பாடங்களோடு நிறுத்திக்கொண்டு, தை பிறந்தபின் தெருவில் இறங்கினால், கோடை தலைகாட்டுமுன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் கைக்குக் கிடைக்கும்.